வாயைத் திறக்காமல் பேசப் பழகிய தரகர்

எங்கள் தெருவில் அவரை ‘ரேடியோ’ என்றுதான் சொல்வோம். தொழில் வீட்டுத் தரகு. காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன்பே வாயைத் திறந்துவிடுவார். எதிரே ஆள் இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட அவருக்குக் கிடையாது. பல் தேய்க்கும்போதும் பேசுவார். நுரைக்கு நடுவே வரும் அந்தப் பேச்சு என்னவென்று அவர் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் முதலிலிருந்து சொல்லுவாரே என்ற பயம்.

அவருக்கு மூளையில் ஆபரேஷன் நடந்த கதையை நாங்கள் எல்லோரும் அவர் வாயாலேயே பல தடவை கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் கதை ஒரு சுற்றுப் பெருத்திருக்கும். அதனால் அவர் சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டு, அவர் மனைவி சொன்ன நாலு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டு இங்கே சொல்கிறேன்.

தரகில் அவருக்கு மூலதனம் வாய்தான். சுவரில் ஈரம் பூத்திருந்தால், “சுவர் மூச்சு விடுது சார், சிமெண்ட்டு உயிரோட இருக்குன்னு அர்த்தம்” என்பார். பகலிலேயே விளக்குப் போட வேண்டிய அறையைக் காட்டி, “கோடைக்குன்னே யோசிச்சுக் கட்டினது” என்பார். கேட்பவர் யோசிப்பதற்கு இடைவெளியே கொடுக்கமாட்டார். தொழிலில் அவருக்குக் கூட்டாளி மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். மச்சானின் வேலை சாவிக் கொத்தை வைத்துக்கொண்டு பின்னால் நிற்பது, தேவைப்பட்ட இடத்தில் “ஆமா, ஆமா” என்பது.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒருநாள் பேச்சு நடுவில் நின்றுபோனது.

ஒரு வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர், “விலையைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?” என்று கேட்டார். ரேடியோ பதில் சொல்லவில்லை. கண்கள் எங்கோ தூரத்தில் நிலைகுத்தி நின்றன. உதடு எதையோ சுவைப்பதுபோல் அசைந்தது. வலது கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. வந்தவர், தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று நெளிந்தார். கடைசியில், “சரிங்க, நீங்க சொன்ன விலைக்கே முடிச்சுக்கலாம்” என்று அவரே சொல்லிவிட்டார்.

சற்று நேரத்தில் ரேடியோவுக்கு நினைவு திரும்பியது. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. வியாபாரம் முடிந்துவிட்டது என்று மச்சான் காதில் சொன்னதும், ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் புகழை எடுத்துக்கொண்டார். “மௌனம்கூட ஒரு வித்தை மச்சான். எங்க நிறுத்தணும்னு தெரியணும்.”

மச்சான், “ஆமா, ஆமா” என்றார்.

அந்த வித்தை அடிக்கடி வர ஆரம்பித்தது. வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று எழும்பி நெஞ்சுக்கு வரும், அப்புறம் ஒன்றும் நினைவிருக்காது. தெளிந்த பிறகும் கொஞ்ச நேரம் வார்த்தை குழறும். மனைவி, “டாக்டரைப் பாக்கலாம்ங்க” என்றாள். அவர் கேட்கவில்லை. வலிப்பு என்றால் கீழே விழுந்து கைகால் உதற வேண்டும், வாயில் நுரை தள்ள வேண்டும் என்பது அவருடைய தீர்மானமான மருத்துவ அறிவு. தனக்கு வருவது வெறும் ‘சின்ன இடைவேளை’ என்றார். மனைவி அதிகம் பேசுகிறவள் அல்ல. ஒருநாள் சாப்பிடும்போது அந்த இடைவேளை வந்ததும் செல்போனை எடுத்துப் படம் பிடித்து, தெளிந்த பிறகு அவர் முன்னால் வைத்தாள்.

அவர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். தன் கண் நிலைகுத்தியதோ, வாய் கோணியதோ அவரைப் பாதிக்கவில்லையாம். “இவ்வளவு நேரமா நான் பேசாம இருந்தேன்?” என்பதுதான் அவரை உலுக்கிய கேள்வி.

நரம்பு டாக்டர் மாத்திரை கொடுத்தார். கேட்கவில்லை. வேறு மாத்திரை கொடுத்தார். அதுவும் கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது தூக்கம்தான் வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் தெரு கொஞ்சம் அமைதியாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. நாங்கள் அவர் சீக்கிரம் குணமாக வேண்டும் என்றோம், ஆனால் அவசரம் காட்டவில்லை.

பிறகுதான் அந்த மூன்றாவது மாடிச் சம்பவம். பாதி கட்டிய கட்டடம். பால்கனிக்கு இன்னும் கம்பி வைக்கவில்லை. “இங்க நின்னா ஊரே தெரியும்” என்று சொல்லிக்கொண்டே நடந்தவர், நடுவில் பேச்சை நிறுத்தினார், கால்களை நிறுத்தவில்லை. பொத்தானைத் திருகியபடியே விளிம்பை நோக்கிப் போனார். மச்சான் வழக்கம்போல, “ஆமா, ஆமா” என்று சொல்லிக்கொண்டு நின்றார். வீடு பார்க்க வந்த அம்மாள்தான் பாய்ந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டாள். அவள் அந்த வீட்டை வாங்கவில்லை. ரேடியோவின் மனைவி அன்றைக்கே அவரை மறுபடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் மூளைப் படம் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “இடது பக்கம், காதுக்கு உள்பக்கமா, ஒரு பழைய தழும்பு இருக்கு. சின்ன வயசுல கடுமையான காய்ச்சல்ல வந்திருக்கலாம். வலிப்பு அங்கிருந்துதான் கிளம்புது. மாத்திரைக்கு அடங்கலை. அந்த இடத்தை எடுத்துட்டா நிக்கறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு.”

“எடுத்துடுங்க” என்றாள் மனைவி.

“ஒரு சிக்கல். நிறையப் பேருக்குப் பேச்சும் இடது பக்கம்தான். வெட்டும்போது பேச்சு மேல கத்தி பட்டுடக் கூடாது. அதனால முதல்ல உங்க மூளையில பேச்சு எங்க இருக்குன்னு பாக்கணும்.”

“எங்க இல்லைன்னு பாருங்க டாக்டர். வேலை சீக்கிரம் முடியும்” என்றார் ரேடியோ.

டாக்டர் சிரிக்கவில்லை. பேசும்போதும் கேட்கும்போதும் மூளையில் அந்தந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாக ஓடும், காந்த ஸ்கேன் அதைப் படமாக்கிவிடும், ஊசி இல்லை, வலி இல்லை, படுத்திருந்தால் போதும் என்றார். தன் பேச்சை ஒரு இயந்திரம் படம் எடுக்கப்போகிறது என்றதும் ரேடியோவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. போகிற வழியெல்லாம் எல்லோரிடமும் சொன்னார். ஸ்டுடியோவில் போட்டோ எடுக்கப் போகிறவர்போல் முடி வெட்டிக்கொண்டார்.

ஸ்கேன் அறையில் இருந்த பெண் நிதானமானவள். தினமும் பலவிதமான பயத்தைப் பார்த்துப் பழகியவள். அவரைப் படுக்கவைத்து, தலைக்கு மேல் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டி, கன்னங்களுக்கு இரண்டு பக்கமும் பஞ்சுத் திண்டு வைத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள்.

“ஏதாவது முடியலைன்னா இதை அழுத்துங்க. கண்ணாடியில ஒரு எழுத்து தெரியும். அந்த எழுத்துல ஆரம்பிக்கற வார்த்தையா நினைச்சுக்கிட்டே இருங்க. கூட்டல் குறி வந்தா நிறுத்திடுங்க. ஆனா வாயைத் திறக்கவே கூடாது. எல்லாம் மனசுக்குள்ளதான்.”

“மனசுக்குள்ள?”

“ஆமாங்க. உதடு, நாக்கு, தாடை எதுவும் அசையக் கூடாது. தலை அசைஞ்சா படம் கலைஞ்சுடும்.”

பத்தாயிரம் பேர் இந்தச் சோதனையைச் சுலபமாகச் செய்திருப்பார்கள். ரேடியோவிடம் கேட்டது, மீனைக் கரையில் ஓடச் சொன்ன கதை. இயந்திரம் டமடமவென்று அடிக்க ஆரம்பித்ததும் ‘க’ என்ற எழுத்து தெரிந்தது. “கதவு! கட்டில்! கட்டடம்!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கூட்டல் குறி வந்தபோது, “நிறுத்திட்டேன்மா!” என்று கத்தினார். அடுத்து ஒரு படம் வந்தது. வீட்டின் கோட்டோவியம். அதைப் பார்த்ததும் ரப்பர் பந்தை அழுத்தினார். அந்தப் பெண் பதறி இயந்திரத்தை நிறுத்தி, “என்னங்க ஆச்சு?” என்று ஓடிவந்தாள்.

“ஒண்ணும் இல்லைம்மா. இந்த வீட்டுக்குப் பின்வாசல் வைக்கலை. இதை யாரும் வாங்கமாட்டாங்க.”

வந்த படம் ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை மாதிரி இருந்தது. இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். அன்றைக்கு உதட்டை இறுக்கிக்கொண்டார். ஆனால் உள்ளே நாக்கு அடங்கவில்லை, நாக்கோடு தாடையும், தாடையோடு தலையும் ஆடின. மறுபடியும் கரும்பலகை.

டாக்டர் பெருமூச்சு விட்டார். “இது சரிவரலைன்னா வேற வழிதான் யோசிக்கணும். ஆபரேஷன்ல மண்டையைத் திறந்து, உங்களை முழிக்கவச்சு, பேசச் சொல்லிக்கிட்டே இடம் இடமாத் தொட்டுப் பாக்கறது ஒண்ணு இருக்கு.”

எல்லோரும் நடுங்கினார்கள். ரேடியோவின் முகம் மட்டும் மலர்ந்தது. “ஆபரேஷன் முழுக்கப் பேசலாமா?”

அறையில் இருந்த எல்லோரையும் டாக்டர் ஒரு சுற்றுப் பார்த்தார். தானும் அங்கே அத்தனை நேரமும் நிற்க வேண்டியிருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். “முதல்ல ஸ்கேனையே இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம். வீட்டுல பழகிட்டு வாங்க” என்றார்.

பழக்கும் வேலை மனைவிக்கு வந்தது. அவள் ஒரு சலவை நிலையத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறவள். படுக்கையறைத் தரையில் அவரைப் படுக்கவைத்தாள். தலைக்கு இரண்டு பக்கமும் தலையணை. ஸ்கேன் சத்தத்துக்குப் பதிலாக வீட்டுத் துணி துவைக்கும் மெஷினை வெறுமனே ஓடவிட்டு, தன் விரலை அவர் தாடையின் மேல் லேசாக வைத்துக்கொண்டாள். “‘க’. நினைங்க.”

விரலுக்கடியில் தாடை துடித்தது. “நினைக்கத்தான் சொன்னேன்.”

அவர் கண்ணை மூடினார். நெற்றி சுருங்கியது. வியர்த்தது. வெகு நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தபோது முகம் வெளிறியிருந்தது.

“ஏம்மா, உள்ள ஒண்ணுமே இல்லை.”

“என்னது?”

“உள்ள. வாயைத் திறந்தாத்தான் வார்த்தை வருது. மூடினா கடையை அடைச்ச மாதிரி இருட்டா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மண்டையைத் திறப்பதற்குப் பயப்படாத மனிதர், அரை நிமிடம் தன்னோடு தனியாக இருக்கப் பயந்தார். மனைவி விரலை எடுத்தாள். சிரிக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தெரியவில்லையாம்.

“நான் நாள் முழுக்க உள்ளதான் பேசறேன்” என்றாள். “வேலை பாக்கற இடத்துல மெஷின் சத்தம், யார் பேசினாலும் கேக்காது. வீட்டுக்கு வந்தா நீங்க. எங்க போய்ப் பேசறது? உள்ளயே பேசிப் பழகிட்டேன்.”

“என்ன பேசுவே?”

“நீங்க யார்கிட்டயாவது கதை சொல்ல ஆரம்பிச்சா, அதோட முடிவை முன்னாடியே சொல்லிப்பேன். நடுவுல எத்தனை பொய் வருதுன்னு பாப்பேன். அப்புறம் திட்டுவேன்.”

“யாரை?”

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே தலையணையைச் சரிசெய்தாள். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“என்னன்னு திட்டுவே?”

“அதை வெளியில சொல்றதா இருந்தா எதுக்கு உள்ள வச்சுக்கறேன்?” என்று சொல்லி அவரை மறுபடி படுக்கவைத்தாள். “கதவு கட்டில்னு பட்டியல் போட்டா வராது. மனசுல நிக்காது. யார் மேலயாவது கோபம் இருக்கும்ல? அவங்களை நினைச்சுக்கங்க. வாய்விட்டுச் சொல்ல முடியாத ஆளா பாருங்க. இப்போ ‘க’.”

மெஷின் உருண்டது. அவள் விரல் தாடையில் இருந்தது. தாடை அசையவில்லை. முதலில் நெற்றி தளர்ந்தது. பிறகு முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. கடைசியில், தூங்கும் குழந்தையின் முகம்போல் ஆகிவிட்டது.

“வந்துச்சா?”

“கொட்டுது” என்றார் வியப்போடு. “கஞ்சன், கபடக்காரன், கழுதை, கல்லுளிமங்கன்... நிக்கவே மாட்டேங்குது.”

“யாரு?”

“உங்க அண்ணன்.”

மூன்றாவது மாடியில் ‘ஆமா, ஆமா’ என்று நின்றதை அவர் மறக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. கூட்டாளி, மனைவியின் அண்ணன் வேறு. வெளியே சொல்ல முடியாது. அத்தனை பேச்சுப் பேசிய மனிதர் சொல்லாமல் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

அடுத்த ஸ்கேனுக்கு மச்சானும் துணைக்கு வந்தார். ரேடியோ உள்ளே போய்ப் படுத்தார். ‘ப’ வந்தது. பச்சோந்தி, பகல் கொள்ளைக்காரன், பல்லிளிப்பான். ‘ம’ வந்தது. மக்கு, மடையன், மண்டு. கூட்டல் குறி வரும்போதெல்லாம் மச்சானை விட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டார். கேட்கும் இடத்தைப் படம் எடுப்பதற்காகக் காதில் ஒரு குரல் கதை சொன்னபோது குறுக்கே பேசாமல் கேட்டார். வாழ்க்கையில் அவர் முழுசாகக் கேட்ட முதல் கதை அதுவாக இருக்கலாம்.

வெளியே வந்ததும் ஸ்கேன் பெண், “ரொம்ப நல்லா வந்திருக்குங்க, துளிகூட அசையலை” என்றாள். “அப்படி என்னதான் நினைச்சீங்க?”

ரேடியோவுக்கு வேறு பதில் தோன்றவில்லை. “மச்சானைத்தான் நினைச்சேன்.”

நாற்காலியில் உட்கார்ந்திருந்த மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “அந்தக் குகைக்குள்ள படுத்துக்கிட்டு என்னையா நினைச்சீங்க மாப்பிள்ளை? கூடப் பிறந்தவங்ககூட இப்படி நினைக்கமாட்டாங்க.” மனைவி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதை, அழுகிறாள் என்று மச்சான் எடுத்துக்கொண்டார்.

முடிவு சொல்லும் நாளில் டாக்டர் கணினியில் படத்தைக் காட்டினார். சாம்பல் நிற மூளை. அதில் ஆரஞ்சு நிறத் திட்டுகள். “இது பேசற இடம். தழும்புலேருந்து தூரமா இருக்கு, நல்லது. இது கேட்டுப் புரிஞ்சுக்கற இடம்.”

“கேக்கற இடம் இருக்கா டாக்டர்?” என்று மனைவி குனிந்து பார்த்தாள்.

“இருக்கும்மா. நல்லாவே இருக்கு.”

“அப்போ பழுது ஒண்ணும் இல்லை. உபயோகிக்கலை, அவ்வளவுதான்.”

ரேடியோவின் கவலை வேறு. பேசும் இடத்தின்மேல் விரலை வைத்தார். “மத்தவங்களுக்கு இது எவ்வளவு பெரிசா இருக்கும் டாக்டர்?”

“கிட்டத்தட்ட இதே அளவுதான்.”

“பேசாத ஆளுக்கும்?”

“அவங்களுக்கும்.”

வலிப்பு என்று சொன்னபோதுகூட அவர் அவ்வளவு இடிந்துபோகவில்லை. டாக்டர் தொடர்ந்து சொன்னதை அவர் சரியாகக் கேட்கவில்லை. கேட்டது மனைவிதான்: எடுக்கப்போகிற பகுதியின் ஓரத்தில், பொருள்களின் பெயரை நினைவுக்குக் கொண்டுவரும் வேலை கொஞ்சம் நடக்கிறது. அதை முழுசாகத் தப்பிக்கவைக்க முடியாது. கொஞ்ச காலம் பெயர்கள் தடுமாறலாம். படம் வழிகாட்டும், உத்தரவாதம் தராது.

ஆபரேஷன் மயக்கத்தில்தான் நடந்தது. படத்தைப் பார்த்துப் பார்த்து, பேச்சை விட்டு விலகி, தழும்பை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்த இடைவேளை வரவில்லை. பெயர்கள் போய்விட்டன.

பேச்சு வந்தது, வாக்கியம் வந்தது, பொருளின் பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு குழி. சாவியைக் கேட்க, “அந்தத் திருகறது, அது, உள்ள விட்டு” என்று கையால் காற்றைத் திருகுவார். ஜன்னல் ‘காத்து வர்ற சதுரம்’ ஆனது. கொஞ்சம் தேறி வேலைக்குப் போனபோது இன்னும் சிக்கல். ஒருவர் சுவரில் பூத்திருந்த ஈரத்தைக் காட்டி, “இது என்னங்க?” என்று கேட்டார். பழைய ரேடியோவாக இருந்தால் சுவருக்கு மூச்சே கொடுத்திருப்பார். இப்போது தேடித் தேடிப் பார்த்துவிட்டு, “தண்ணி. மழைக்கு உள்ள வரும்” என்றார். வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ரேடியோ திருந்திவிட்டார் என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. பொய்க்குக் கூடுதலாக வார்த்தை வேண்டும், அவரிடம் சரக்கு இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

இந்த இடைக்காலத்தில் மச்சான் எதிர்ச்சாரியில் தனியாக ஒரு அலுவலகம் திறந்தார். “மாப்பிள்ளைக்குப் பாரம் வேண்டாம்னுதான்” என்று எல்லோரிடமும் சொன்னார். பழைய வாடிக்கையாளர்கள், சாவிக் கொத்து, ‘சுவர் மூச்சு விடுது’ உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். மனைவிதான் முதலில் பார்த்தாள். கணவரிடம் மறைக்கவில்லை.

ரேடியோ தெருவைக் கடந்து போனார். பின்னாலேயே மனைவி ஓடினாள். வாசலில் நின்று அவர் வாயைத் திறந்தார். கஞ்சன் வந்தது. கபடக்காரன் வந்தது. பச்சோந்தி, பகல் கொள்ளைக்காரன், மண்டு, மடையன் எல்லாம் வரிசை குலையாமல் வந்தன. மாதக்கணக்கில் வராத சாவி, பூட்டு, ஜன்னல், கதவு, பால்கனி, மூன்றாவது மாடி, கம்பி எல்லாம் ஊடே ஊடே வந்து விழுந்தன. நாங்கள் வாசல்களில் நின்று கேட்டோம். ஒரு பெயரும் தடுமாறவில்லை. மச்சான் பாதியில் பழக்கத்தில், “ஆமா, ஆமா” என்று சொல்லிவிட்டார்.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மாளிடம் மனைவி இதைச் சொன்னபோது, கோபத்தில் வரும் பேச்சு சில சமயம் வேறு வழியாகவும் வந்துவிடும், நல்ல அறிகுறிதான், ஆனால் இதையே தினசரிப் பயிற்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்றாளாம்.

பெயர்கள் மெதுவாகத் திரும்பின. மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். இன்றைக்கும் சில நாள் ஒரு சொல்லுக்காக வாயைத் திறந்தபடி நிற்பார். அப்போது மனைவி அதை எடுத்துக் கொடுப்பாள். எடுத்துக் கொடுத்ததோடு நிற்காமல், அவர் சொல்லவந்த கதையைத் தானே முடித்தும் விடுகிறாள். அவள் சொன்னால் பாதி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதில் அவருக்கு வருத்தம்தான்.

மச்சான் இல்லாமல் தனியாகத்தான் தொழில் செய்கிறார். ஆஸ்பத்திரியில் கெஞ்சி வாங்கிய அந்த மூளைப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு, அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறார். போன வாரம் வீடு பார்க்க வந்த ஒருவர் வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த ஆரஞ்சு கலர் போட்டிருக்கற மனையெல்லாம் காலியாத்தான் இருக்கா?” என்று கேட்டார்.

ரேடியோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். வந்தவர் அன்றைக்கு எந்த வீட்டையும் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.